மானம் காக்கும் சட்டம் எது?

(தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் ஒழுக்கம் பற்றிய தீர்மானத்தை ஆராய நமுனுகுலவில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒன்பது சிகரம் என்று சிங்களத்திற் பொருள்படும் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த மலையின் சரிவில் நாம் எத்தனையோ தடவை கூடியிருக்கிறோம். சம்பளத்துக்காகக் கூடினோம். காணிக்காகக் கூடினோம். வாக்குரிமைக்காக நமக்கு முந்திய தலைமுறை கூடியது. இன்று கூடியிருப்பதோ தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு. “இதற்கும் ஒரு கூட்டமா?” என்று வெளியிலே சிலர் நகைத்ததாகக் கேள்வியுற்றோம். நகைப்பவர் நகைக்கட்டும். மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுவைக்குப் போட்டுவிட்டு, உலையேற்றவும் நேரமின்றி இத்தனை தாய்மார் வந்து அமர்ந்திருக்கின்றனர் என்றால் அதிலே நகைப்பதற்கு ஒன்றுமில்லை. வெலிமடைப் பக்கத்துக் கமக்காரரும், பதுளையிலிருந்து ஆசிரியரும் வைத்தியரும் வந்திருக்கின்றனர். இது ஒரு சமூகத்தின் மனக்கொதிப்பு. அதை மதித்தே நாம் பேச வந்தோம்.

தீர்மானம் என்ன சொல்கிறது?

தாய்மார் தந்த மனுவையும், அதையொட்டி எழுதப்பட்ட தீர்மானத்தையும் மூன்று முறை வாசித்தோம். மனு சொல்வது இது: மாலை வேளையிற் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும்போது, திரைப்பாட்டென்றும் விளம்பரமென்றும் பெண்ணுடலைத் துண்டு துண்டாக்கிச் சந்தைப் பொருளைப்போலக் காட்டுகிறார்கள். வயது வந்த மகளும் தகப்பனும் ஒரே பாயில் அமர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள நேர்கிறது. இதைக் கேட்க நாதி இல்லையா?

கேள்வி நியாயமானது. இதைப் பழமைவாதம் என்று தள்ளுகின்றவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. தன் பிள்ளையின் கண்ணில் எது படவேண்டும் என்று கேட்கும் உரிமை தாய்க்கு இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

ஆனால் தீர்மானம் மனுவைத் தாண்டிச் செல்கிறது. “ஆடையற்ற மனித உடல் எவ்வகையிலும், எந்நேரத்திலும், எக்காரணத்திற்காகவும் தொலைக்காட்சியிற் காட்டப்படலாகாது, மீறும் நிலையத்தின் உரிமத்தை அமைச்சர் உடனே நீக்க வேண்டும்” என்று அது கேட்கிறது. மனுவுக்கு நமது இரு கைகளும் உயரும். இத் தீர்மானத்தின் சொற்களுக்கு மட்டும் கை உயர மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று விளக்குவது நமது கடமை. கேட்டு முடித்தபின் தீர்ப்பளிப்பது உங்கள் உரிமை.

அமெரிக்காவில் எழுந்த புயல்

முதலில் உலகத்தைச் சற்றுப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவிலே காற்பந்துப் பேராட்டம் ஒன்றின் இடைவேளை நிகழ்ச்சி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மேடையில் ஜனெற் ஜாக்சன் என்ற பாடகியும் ஜஸ்ரின் ரிம்பர்லேக் என்ற பாடகரும் ஆடிப் பாடினர். இறுதியில் அவர் கைநீட்டி இவரது மேலாடையின் ஒரு பகுதியைப் பிய்த்தார். மார்பு ஒன்று வெளிப்பட்டது. எவ்வளவு நேரம்? ஒரு விநாடியின் பதினாறில் ஒன்பது பங்கு.

அந்த அரைவிநாடிக்கு நாடே கொதித்தது. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. ஆணைக்குழு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 550,000 டொலர் தண்டம் விதித்தது. 2006ஆம் ஆண்டில் அந் நாட்டுக் காங்கிரஸ், ஒழுக்கக்கேடான ஒலிபரப்புக்கான தண்டத்தின் உச்ச அளவை 32,500 டொலரிலிருந்து 325,000 டொலராகப் பத்து மடங்கு உயர்த்தியது.

முடிவு என்னவாயிற்று? வழக்கு ஏழாண்டுக்கு மேல் நடந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தண்டத்தைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் மீளப் பார்க்குமாறு திருப்பி அனுப்பியபோதும் 2011இல் மறுபடியும் தள்ளியது. 2012இல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு தலையிட மறுத்தது. காரணம் என்ன? நிர்வாணம் நல்லது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. நொடிப்பொழுதில் தோன்றி மறைவதைத் தண்டிப்பதில்லை என்று ஆண்டுக்கணக்கில் ஒழுகிவந்த ஆணைக்குழு, முன்னறிவிப்பின்றி அவ் வழக்கத்தைக் கைவிட்டுத் தண்டித்தது தவறு என்பதே தீர்ப்பின் சாரம்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று. குற்றம் எதுவென்று முன்கூட்டியே எழுதிவைக்காத சட்டம் நீதிமன்றத்தில் நில்லாது. இது முதற் பாடம். குவிந்த முறைப்பாடுகளிற் பெரும்பகுதி அமைப்புகள் சில ஒரே அச்சிலே வார்த்த படிவங்கள் என்று நிறுவனம் வாதிட்டது. ஆகவே நமது மனு நமது சொல்லில், நமது கண் கண்டதைச் சொல்லவேண்டும். இது இரண்டாவது. மூன்றாவதே மிக முக்கியம். ஆடையைப் பிய்த்தவர் ஆண். பிய்க்கப்பட்டவர் கறுப்பினப் பெண். நாட்டின் சினமோ அப் பெண்ணின் தலையிலேயே பெரிதும் விழுந்தது. ஒழுக்கம் பேசும் கூட்டம் எப்பொழுதும் இந்தத் தவற்றைச் செய்யக் காத்திருக்கிறது. உரிந்தவனை விட்டுவிட்டு உரியப்பட்டவளைப் பார்த்து “சீ!” என்கிறது.

இரு வகை நிர்வாணம்

தாய்மார்களே! நமது தோட்டங்களிலே காமன் கூத்து ஆடுகிறோம். பொன்னர் சங்கர் ஆடுகிறோம். அர்ச்சுனன் தபசு ஆடுகிறோம். பாண்டவர் கதையை அறியாத பிள்ளை இந்த மலையில் இல்லை. பாஞ்சாலியின் துகிலை அவையிலே துச்சாதனன் பற்றி இழுத்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு அழுதவர்கள் நாம். அக் கதையை ஆபாசம் என்று எந்தப் பாட்டியாவது மறைத்தாளா? மறைக்கவில்லை. வெட்கம் பாஞ்சாலிக்கு உரியதன்று, பார்த்துக்கொண்டிருந்த அவைக்கு உரியது என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்றே சொன்னாள்.

ஆகவே நிர்வாணம் இரு வகை. விற்பதற்காக உரியப்படும் உடல் ஒன்று. அநீதியால் உரியப்பட்ட உடல் மற்றொன்று. முன்னதைக் காட்டுவது வியாபாரம். பின்னதைக் காட்டுவது சாட்சியம். இரண்டையும் ஒரே கோலால் அளக்கும் சட்டம், கடைக்காரனைப் பிடிப்பதாகச் சொல்லிச் சாட்சியின் வாயைக் கட்டும்.

இது வெறுங் கற்பனை அன்று. 1997ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி, யூத மக்களை நாசிகள் அழித்த கதையைக் கூறும் ‘ஷின்லரின் பட்டியல்’ என்ற திரைப்படத்தை ஒளிபரப்பிற்று. ஏறத்தாழ ஆறரைக் கோடி மக்கள் பார்த்தனர். வதைமுகாமிலே மனிதர்கள் ஆடையின்றி நிறுத்தப்படும் காட்சிகள் அதில் உண்டு. ரொம் கோபேர்ன் என்ற காங்கிரஸ் உறுப்பினர், தொலைக்காட்சியின் ஒழுக்கம் பாதாளத்துக்கு இறங்கிவிட்டதென்று கண்டித்தார். அவரது கட்சிக்காரரே அவரைக் கண்டித்தனர்; சில நாட்களிலேயே அவர் மன்னிப்புக் கேட்டார். பின்னர் முறைப்பாடு ஒன்று வந்தபோது, 2000ஆம் ஆண்டில் ஆணைக்குழு அதைத் தள்ளிவிட்டது. காட்சியைத் தனியே பிய்த்தெடுக்காமல், எதற்காகக் காட்டப்பட்டது என்று பார்த்தே முடிவு கூறப்பட்டது.

இந்திய உச்ச நீதிமன்றமும் 1996ஆம் ஆண்டில் இதே பாதையில் நடந்தது. பூலான்தேவியின் வாழ்க்கையைக் கூறும் ‘பண்டிற் குயின்’ திரைப்படத்திலே, அப் பெண்ணை ஊர் நடுவே ஆடையின்றி நடத்திச் செல்லும் காட்சி உண்டு. நிர்வாணம் எப்பொழுதும் கீழான உணர்ச்சியைத் தூண்டுவதில்லை, அக் காட்சி பார்ப்பவர் உள்ளத்தில் அருவருப்பையும் இரக்கத்தையுமே எழுப்பும் என்று கூறி, அந்தச் சாதிக் கொடுமைச் சாட்சியத்தை நீதிமன்றம் காத்தது.

நமது பிள்ளைகளின் உடல்கள்

இனி நமது வீட்டுக்கு வருவோம். 1983ஆம் ஆண்டு யூலையிலே பதுளை நகர் எரிந்ததைக் கண்டவர்கள் இக் கூட்டத்தில் இருக்கின்றனர். அதே வாரத்தில், கொழும்பு பொரளையில் ஆடை களையப்பட்ட தமிழர் ஒருவர் குனிந்து அமர்ந்திருக்க, சுற்றி நின்றவர்கள் எக்களிக்கும் படம் ஒன்று பிடிக்கப்பட்டது. பிடித்தவர் ஒரு சிங்களப் புகைப்படக்காரர். அந்த ஒரு படம் கறுப்பு யூலையைப் பற்றி உலகுக்குச் சொன்னதை ஆயிரம் அறிக்கைகள் சொல்லவில்லை.

2009ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25ஆம் நாள் பிரித்தானியாவின் சனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. ஆடை களையப்பட்டு, கண்ணும் கையும் கட்டப்பட்ட மனிதர்கள் சுடப்படும் காட்சி அது. போலி என்றது அரசாங்கம். 2010 சனவரியில் ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், வல்லுநரின் ஆய்வுகள் அது உண்மையானதென்றே காட்டுவதாகக் கூறினார். 2011ஆம் ஆண்டில் அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவும் அக் காணொளி பற்றிச் சுதந்திரமான விசாரணை வேண்டுமென்று பரிந்துரைத்தது.

2011ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள் அதே சனல் 4 ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ என்ற விவரணத்தை ஒளிபரப்பியது. உயிரற்ற, ஆடையற்ற பெண்களின் உடல்களும் அதிற் காட்டப்பட்டன. பிரித்தானிய ஒலிபரப்புக் கண்காணிப்பு நிறுவனமாகிய ஒவ்கொம்முக்கு 118 முறைப்பாடுகள் சென்றன. நடுநிலை தவறியது என்றனர் சிலர். காட்சிகள் கொடூரம் என்றனர் சிலர். ஒவ்கொம் ஆராய்ந்தது. இரவு 11.05 மணிக்குக் காட்டப்பட்டது. முன்னும் இடையும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. காட்சிகள் கொடியவையாயினும் பொருளின் பாரம் அவற்றை வேண்டிநின்றது. ஆகவே விதி மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

தோழர்களே! இப்பொழுது நமது தீர்மானத்தை மீண்டும் வாசியுங்கள். “எவ்வகையிலும், எந்நேரத்திலும், எக்காரணத்திற்காகவும்.” இச் சொற்கள் சட்டமானால் முதலில் மறைவது எது? மாலை நேரத்து விளம்பரமா? விளம்பரக்காரன் ஒரு முழத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வந்துவிடுவான். சட்டத்தின் எழுத்துக்கு அவன் பணிந்தவனாவான். மறைந்தே போவது அந்தக் காணொளிதான். ஒழுக்கத்தின் பெயரால் நாமே கையெழுத்திட்டு நமது சாட்சியைப் புதைத்தவர்களாவோம்.

ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். நமது தரப்பிலும் குற்றம் உண்டு. அந்தப் பெண்களின் படங்களைச் சுவரொட்டியிலும் மேடையிலும் கணக்கின்றிக் காட்டியவர்கள் நம்மிடையே இருந்தனர். பெற்ற தாயிடம் யாரும் கேட்கவில்லை. முகத்தை மறைக்கவில்லை. சாட்சியத்தையும் திரும்பத் திரும்பக் காட்டி வாக்குக் கேட்டால் அதுவும் வியாபாரமே. நாம் வேண்டும் விதி நம்மையும் கட்டவேண்டும்.

கத்தி யார் கையில்?

அடுத்தது, “அமைச்சர் உடனே நீக்க வேண்டும்” என்ற சொற்கள். இந் நாட்டிலே சட்டம் இல்லாமல் இல்லை. 1912ஆம் ஆண்டிலிருந்து பொதுக் காட்சிகளைத் தணிக்கை செய்யும் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம், நல்ல இரசனைக்கும் ஒழுக்கத்துக்கும் மாறானவற்றை ஒளிபரப்பலாகாதென்று கூட்டுத்தாபனத்தைப் பணிக்கிறது. தனியார் நிலையத்துக்கு உரிமம் வழங்குபவர் அமைச்சர். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. 15(7)ஆம் உறுப்புரை, பொது ஒழுக்கத்தைக் காக்கச் சட்டத்தால் அதனை மட்டுப்படுத்தவும் இடந்தருகிறது. இத்தனை இருந்தும் தாய்மாரின் முறைப்பாட்டைக் கேட்க ஒரு கதவு இல்லை. குறை அதிகாரத்தில் இல்லை. அதிகாரம் இருக்கும் இடத்திலே இருக்கிறது.

1997ஆம் ஆண்டில் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்கச் சட்டமூலம் வந்தது. நமது உயர் நீதிமன்றம் அதை ஆராய்ந்து, அமைச்சரின் செல்வாக்குக்கு உட்பட்ட சபையிடம் உரிமம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. வான்வெளி அலைகள் பொதுச் சொத்து. அவற்றைக் காக்கும் சபை ஆட்சியாளரின் பிடியிலிருந்து விடுபட்டு நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து. சட்டமூலம் கைவிடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மற்றொரு நகல் எழுந்தபோதும் இதே அச்சத்தால் எதிர்ப்புக் கிளம்பிற்று.

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கவ்வாத்து வெட்டுவதற்கு அளவு உண்டு, பருவம் உண்டு, கை பழகியவன் வேண்டும். கோபத்திலே கத்தியெடுத்தவன் செடியின் அடியை வெட்டிவிடுவான். அமைச்சருக்கு “உடனே நீக்கு” என்று கத்தியைக் கொடுத்தால், அவர் எந்தச் செடியை முதலில் வெட்டுவார்? தம்மைக் குறை கூறும் நிலையத்தையே வெட்டுவார். வேலியே பயிரை மேயும்.

நேரக் கட்டுப்பாடும் நமது காம்பராவும்

“அப்படியானால் என் மகள் இன்று மாலை எதைப் பார்ப்பாள்?” என்று ஒரு தாய் கேட்கலாம். பிற நாடுகள் நேரத்தை வேலியாக வைத்தன. பிரித்தானியாவில் இரவு 9 மணிக்கு முன் சிறுவருக்கு ஒவ்வாதவற்றைக் காட்டலாகாது. அமெரிக்காவிலே காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அந்த வேலி உண்டு. இது நல்ல முறை. நமக்கும் வேண்டும்.

ஆனால் அந்த வேலிக்குள்ளே மறைந்திருக்கும் ஒரு கற்பனையைக் கவனித்தீர்களா? ஒன்பது மணிக்குப் பிள்ளை தன் அறைக்குப் போய்விடும் என்பதே அக் கற்பனை. நமது லயத்திலே பிள்ளைக்கு அறை ஏது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. அங்கேதான் அடுப்பு, அங்கேதான் பாய், அங்கேதான் பெட்டி, அங்கேதான் பிள்ளை. மணப்பெண் உடை மாற்றவும், பிள்ளை பெற்றவள் பாலூட்டவும் அதே காம்பரா. லயம் பலவற்றிலே குளிக்கப் பீலியடிதான். பீலிக்கு மறைப்பு இல்லை. இரவிலே வெளிக்குப் போகப் பெண்கள் துணை தேடுகிறார்கள்.

திரையிலே தெரியும் பெண்ணின் மானத்துக்காக மனு எழுதிய நாம், பீலியடியில் நனைந்த சேலையோடு வழிப்போக்கரின் கண்ணுக்குக் கூசி நிற்கும் நமது பெண்ணின் மானத்துக்கு எத்தனை மனு எழுதினோம்? நூற்றாண்டைத் தாண்டி நடக்கும் நேரடி ஒளிபரப்பு அல்லவா அது! அதற்கு உரிமம் கொடுத்தது யார்? அதற்குத் தண்டம் எவ்வளவு? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நமது மக்களின் குடியுரிமை என்ற துகிலை உரிந்தபோது எந்த அவை எழுந்து நின்றது? 2003ஆம் ஆண்டிலேதான் அத் துகிலின் எஞ்சிய முழமும் திரும்பிற்று. மானம் என்பது சட்டத்தால் உரியப்படுவதும், சட்டத்தால் மீட்கப்படுவதும் ஆகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

நமது திருத்தம்

ஆகவே தீர்மானத்தைக் கைவிடச் சொல்லவில்லை. திருத்துமாறு கேட்கிறோம்.

ஒன்று: சிறுவர் பார்க்கும் நேரத்திலே உடலை விற்பனைப் பொருளாக்கும் காட்சிகளும் விளம்பரங்களும் கூடாது; அந் நேரம் எது, காட்சி எது என்பது முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்கப்படவேண்டும்.

இரண்டு: செய்தி, வரலாறு, வைத்தியம், கலை, கொடுமைக்குச் சாட்சியம் ஆகியவற்றுக்கு விலக்கு வேண்டும், காட்டும்போது எச்சரிக்கையும், உரிய நேரமும், இறந்தோரின் முகத்துக்கும் குடும்பத்துக்கும் மரியாதையும் வேண்டும்.

மூன்று: முறைப்பாட்டைக் கேட்பது அமைச்சரின் கைக்கு எட்டாத சுதந்திரமான ஆணைக்குழுவாக இருக்கவேண்டும், அதிலே பெண்களும் மலையக மக்களும் இடம்பெறவேண்டும், தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குத் தமிழிலே காரணங் காட்டி விடை தரவேண்டும், தண்டிக்குமுன் நிலையத்தின் வாதத்தையும் கேட்கவேண்டும்.

நான்கு: ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் அறைகள் பிரிந்த தனி வீடும், மறைப்புள்ள குளியலிடமும், மலசல கூடமும் வழங்கப்படவேண்டும். இதனை நாலாவதாக எழுதினாலும் முதலாவதாக வாசிக்கவேண்டும்.

ஆணைக்குழு வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. நமது வாசகசாலையில் ஒரு கொப்பி வைப்போம். எந்த நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை மணி, என்ன காட்டப்பட்டது என்று பார்த்தவர் தம் சொந்தச் சொல்லில் எழுதட்டும். எழுதத் தெரியாத தாய் சொல்ல, அவள் மகள் எழுதட்டும். மாதந்தோறும் அதன் பிரதியை நிலையத்துக்கும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். கோபம் ஒரு நாளில் ஆறும், பதிவு ஆறாது. நீதிமன்றத்திலே நிற்பதும் பதிவுதான்.

தாய்மார்களே! பாஞ்சாலி அவையிலே அழுதாள், அதோடு நிற்கவில்லை. கேள்வி கேட்டாள். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று சட்டம் கேட்டாள். வீடுமன் முதலிய பெரியோர் வாயடைத்துப் போயினர். நீங்கள் தந்த மனுவும் அத்தகைய கேள்வி. அதை, “அரசனே, நீயே பார்த்துக்கொள்” என்று ஆட்சியாளர் கையிற் கொடுத்து வீணாக்கவேண்டாம். விடை சொல்லியே தீரவேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டுபோவோம்.

திருத்தத்தை அவைமுன் வைத்து அமர்கிறோம். முதலில் தாய்மார் கை உயரட்டும். உயராவிட்டால் அவர்களது மறுப்பைக் கேட்டு மீண்டும் எழுதுவோம்.